விழுந்த மரத்தைப் பலகையாக்குதல்: நடமாடும் அறுவை எந்திரத்தில் முதல் தடி

மூன்றடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள ஒரு பச்சைத் தடியில் ஏறக்குறைய 70 கன அடி மரம் இருக்கிறது; அதன் எடை இரண்டு டன்னை நெருங்கும். அப்படி ஒரு தடி தோப்பின் நடுவில், டிராக்டர் நுழைய முடியாத இடத்தில் விழுந்து கிடந்தால், அதைச் சாமில்லுக்குக் கொண்டுபோகும் செலவு பல நேரங்களில் மரத்தின் விலையையே தின்றுவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பகுதியிலும் பலா, மா, வேம்பு, தேக்கு என்று நல்ல மரங்களும் சாய்ந்தன. அவற்றில் பலவற்றை உரிமையாளர்கள் விறகு விலைக்குக் கொடுத்ததற்கு இந்தப் போக்குவரத்துச் சிக்கலும் ஒரு காரணம். மரத்தை எந்திரத்திடம் கொண்டுபோகாமல் எந்திரத்தை மரத்திடம் கொண்டுவருவதுதான் நடமாடும் அறுவை எந்திரத்தின் பயன். அதை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ முதல் தடியை அறுக்கப்போகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தடிக்குள் தண்ணீர் இருக்கிறது, வளரும்போது சேர்ந்த இழுவிசையும் இருக்கிறது. ரம்பம் உள்ளே போனதும் இரண்டும் வெளியேற வழி தேடும். பலகை வளைவதும், நுனி வெடிப்பதும், ரம்பம் நடுவில் சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் இதனால்தான். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த அசைவை முன்கூட்டியே கணித்து அதற்கு இடம் கொடுப்பதைப் பற்றியவை.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தவறவிடக் கூடாது. சந்தனம் உங்கள் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. ஈட்டிக்கு இப்போதுள்ள விதியை வனத்துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. இலங்கையில் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதை 1951ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அறுத்த மரத்தை வண்டியில் ஏற்றினால் மரப் போக்குவரத்து விதிகளும் வந்து சேரும்.

எந்திரத்துக்கும் சட்டம் உண்டு. உச்ச நீதிமன்றத்தில் கோதவர்மன் வழக்கில் 1996 முதல் பிறந்த ஆணைகளின் தொடர்ச்சியாக, அறுவை ஆலைகளுக்கு உரிமம் தருவது இந்தியா முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மத்திய அரசு 2016இல் மரம்சார் தொழில்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'என் எந்திரத்துக்குச் சக்கரம் இருக்கிறது, அது ஆலை ஆகாது' என்று நீங்களே முடிவுசெய்துகொள்ள வேண்டாம். மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சொந்த மரத்தை அறுப்பதும் கூலிக்கு அறுப்பதும் ஒன்றல்ல என்பதையும் அந்தக் கடிதத்திலேயே தெளிவுபடுத்திக் கேட்பது நல்லது.

எந்த எந்திரம்

புழக்கத்தில் மூன்று வகைகள் இருக்கின்றன. முதலாவது, தண்டவாளம் போன்ற படுக்கையின் மேல் நகரும் பட்டை ரம்பம், அதாவது பேண்ட்சா. தடி அசையாமல் கிடக்க, எஞ்சினும் இரண்டு சக்கரங்களும் அவற்றில் ஓடும் ரம்பப் பட்டையும் சேர்ந்த தலைப்பகுதி அதன் மேல் நகர்ந்து அறுக்கும். 1982இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் தொடங்கிய வுட்மைசர் நிறுவனம் இந்த வகையைப் பரவலாக்கியது. கையால் தள்ளும் சிறிய எந்திரங்கள் பெரும்பாலும் 24 முதல் 30 அங்குல விட்டம் வரையுள்ள தடியை ஏற்கும். இரண்டாவது, செயின்சாவின், அதாவது சங்கிலி ரம்பத்தின், வாளில் பொருத்தும் உலோகச் சட்டம்; கிரான்பெர்க் நிறுவனத்தின் 'அலாஸ்கன் மில்' இதில் பெயர்பெற்றது. ஒருவர் தோளில் தூக்கிப்போகலாம். நான்கடி அகல மரத்தையும் அறுக்கலாம். ஆனால் மெதுவாகத்தான் நடக்கும், முதுகும் வலிக்கும். மூன்றாவது, ஆஸ்திரேலியாவின் லூகாஸ் மில் போன்ற, வட்ட ரம்பம் நின்றவாக்கிலும் படுத்தவாக்கிலும் திரும்பி அறுக்கும் வகை. பெரிய தடியிலிருந்து சட்டங்களைச் சட்டென்று எடுக்க அது சிறந்தது என்றாலும் நம் ஊரில் அரிது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எதைத் தேர்வது என்பதை ரம்பம் தின்னும் மரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். பேண்ட்சாவின் தடம் சுமார் 2 மில்லிமீட்டர். செயின்சாவின் தடம் சுமார் 9 மில்லிமீட்டர். ஓரடி உயரமுள்ள சதுரக்கட்டையை ஓர் அங்குலப் பலகைகளாக அறுத்தால் பேண்ட்சா 11 பலகைகள் தரும். செயின்சா 9 தரும். மற்ற இரண்டும் தூளாகிவிடும். மூன்று அங்குல ஸ்லாப்களாக, அதாவது தடியின் முழு அகலத்தில் கனத்த பலகைகளாக, மட்டும் அறுப்பவருக்கு இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆகவே, வீட்டுக்கு நிலையும் கதவும் சட்டமும் வேண்டும் என்பவருக்குப் பேண்ட்சா; எப்போதாவது ஒரு பெரிய மரம் விழுந்தால் மேசைக்கு நாலு ஸ்லாப் எடுக்க வேண்டும் என்பவருக்குச் செயின்சா மில் போதும்.

தடியைத் தயார்செய்தல்

மரம் விழுந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: வெட்டுமுகங்களுக்குப் பூச்சு. மரத்துக்குள் தண்ணீர் நீளவாக்கில் ஓடும் குழாய்களின் வழியே, பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாக வெளியேறும். நுனி முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரமாக இருக்கும் பகுதி சுருங்க மறுக்க, நுனி வெடிக்கிறது. உருக்கிய மெழுகோ, மெழுகுக் கரைசலோ, ஒன்றும் கிடைக்காவிட்டால் மீந்துபோன எனாமல் பெயிண்டோ இரண்டு பூச்சுப் பூசுங்கள். சித்திரை வெயிலில் இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அப்புறம் பூசியும் பயன் குறைவு. வெடிப்பு உள்ளே போய்விட்டிருக்கும்.

நீளம் வெட்டும்போது தேவைக்கு மேல் ஆறு அங்குலம் விட்டு வெட்டுங்கள். நுனியில் விழும் வெடிப்புக்கு அது காணிக்கை. தடி வளைந்திருந்தால் நீளத்தைக் குறைத்துவிடுவது மிக எளிய வைத்தியம். வில்போல் சீராக வளைந்த பன்னிரண்டடித் தடியை நடுவில் வெட்டினால் ஒவ்வோர் ஆறடித் துண்டிலும் வளைவு பாதியாகக் குறையாது, கால்பங்காகக் குறையும். பத்தடிப் பலகை எதற்கு வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர் பத்தடித் தடியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

தடியை வெளியிலிருந்து விலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் மரக்கடைக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, அடிக்கணக்கில் நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுப்பார்கள். முதலில் சொன்ன மூன்றடி விட்டத் தடிக்கு இந்தக் கணக்கில் 55½ கன அடிதான் வரும். உண்மையான 70இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பட்டைக்கும் சேதாரத்துக்கும் விட்டுக்கொடுக்கும் பழைய ஏற்பாடு அது. தடியின் உண்மைக் கன அளவில் பாதி நல்ல பலகையாகக் கைக்கு வந்தால் புதியவர் மகிழ்ச்சி அடையலாம்.

அடுத்தது இரும்பு. ஊருக்குள் வளர்ந்த எந்த மரத்தையும் நம்பாதீர்கள். சாலையோரப் புளியில் விளம்பரத் தகட்டின் ஆணி இருக்கும். வேலியோர மரத்தில் முள்கம்பி இருக்கும். கோயில் மரத்தில் வேண்டுதல் ஆணி இருக்கும். என் முதல் வேப்பந்தடியில், மாடு கட்ட யாரோ எப்போதோ அடித்த இரும்பு வளையம் பட்டைக்குள் நாலு அங்குல ஆழத்தில் புதைந்து கிடந்தது. புதிய பிளேடு ஒரு நொடியில் பல்லில்லாத கிழவியாகிவிட்டது. கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி, அறுக்குமுன் நாலு பக்கமும், ஒவ்வொரு பலகை எடுத்த பின்பு புது முகத்தின் மேலும் ஓட்டுங்கள். கண்ணாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்: துவர்ப்பு மிக்க மரங்களில் இரும்பைச் சுற்றி நீலங்கலந்த கருங்கறை நீளவாக்கில் ஓடும். வெட்டுமுகத்தில் அந்தக் கறை தெரிந்தால் இரண்டடிக்குள் எங்கோ இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மண்ணும் இரும்புக்குச் சற்றே இளைத்த எதிரிதான். தரையில் இழுத்துவந்த தடியின் பட்டையில் ஒட்டிய மணல் பிளேடின் கூரைப் பத்து நிமிடத்தில் போக்கிவிடும். தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்; முடிந்தால் பட்டையை உரித்துவிடுங்கள். பட்டைக்கு அடியில்தான் வண்டும் முட்டையிடும்.

இடமும் படுக்கையும்

படுக்கை மட்டமாக இல்லாவிட்டால் பலகையும் மட்டமாக வராது. எந்திரத்தின் கால்களுக்குக் கீழே கனமான கட்டைகளைப் போட்டு, நீளவாக்கில் நூல் கட்டி, குறுக்கே ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். இரண்டு டன் தடி ஏறியதும் ஈரமண் அமுங்கும். ஆகையால் தடியை ஏற்றியபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும். தடிகளைப் படுக்கையின் உயரத்துக்கே, மேட்டுப்பக்கம் அடுக்கிவைத்தால் உருட்டி ஏற்றுவது எளிது. உருளும் தடிக்குப் பள்ளப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. கடப்பாரையால் நெம்புகிறவர் ஒருவர், ஆப்பு வைக்கிறவர் ஒருவர், 'ஆச்சு' என்று குரல் கொடுப்பவர் ஒருவர்தான். இரண்டு பேர் கட்டளையிட்டால் கால் நசுங்கும்.

வேட்டி, கைலி, தோளில் துண்டு, கழுத்தில் தொங்கும் கயிறு எதுவும் எந்திரத்தின் அருகே கூடாது. செயின்சாவுக்குக் காதுமூடி கட்டாயம். தூங்குமூஞ்சி, வாகை ஆகியவற்றின் தூள் மூக்கையும் தொண்டையையும் படுத்தும்; வெறும் துணியைக் கட்டாமல் தூளை வடிகட்டும் முகக்கவசம் அணியுங்கள். பேண்ட்சாவின் பட்டை அறுந்தால் அது ஓடிய திசையிலேயே சாட்டையாகப் பாயும். சக்கர மூடிகளைத் திறந்துவைத்து ஓட்டுவதும், பிளேடு ஓடும் வரிசைக்கு நேரே ஆளை நிறுத்துவதும் எந்த அவசரத்திலும் செய்யக் கூடாதவை.

தடியை வாசித்தல்

இனி எந்திரத்தை முடுக்கலாம் என்று கை பரபரக்கும். பத்து நிமிடம் பொறுத்து, தடியைச் சுற்றி நடந்து பாருங்கள். வெட்டுமுகத்தில் மரத்தின் மையம் எங்கே இருக்கிறது? சரியாக நடுவில் இருந்தால் தடி ஓரளவு சமநிலையானது. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்த மரம் சாய்ந்து வளர்ந்தது, உள்ளே இழுவிசை அதிகம், பலகைகள் வளையும் என்று பொருள். ஏற்கெனவே விழுந்திருக்கும் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது? கிளை வெட்டிய கணுக்கள் எந்தப் பக்கம் கூடியிருக்கின்றன? வெடிப்புக்கு இணையாக ரம்பத்தை ஓட்டினால் வெடிப்பு ஒரே பலகையோடு போய்விடும்; குறுக்கே ஓட்டினால் எல்லாப் பலகைகளிலும் ஒரு கோடு விழும். கணுக்களை ஒரே பக்கத்தில் ஒதுக்கினால் மறுபக்கத்தில் சுத்தமான பலகை கிடைக்கும்.

எல்லாத் தடியும் அடி பெருத்து நுனி சிறுத்தே இருக்கும். அப்படியே படுக்கையில் கிடத்தி அறுத்தால் மையம் பலகைகளுக்கூடாகச் சாய்வாக ஓடும். ஒரே பலகையின் ஒரு முனையில் வைரமும் (உள்ளே முதிர்ந்த மரம்) மறுமுனையில் வெள்ளையும் (வெளிப்பக்கத்து இளமரம்) வந்து, காயும்போது முறுக்கிக்கொள்ளும். படுக்கையிலிருந்து மையம் வரை உள்ள உயரத்தை இரு முனையிலும் அளந்து, அவை சமமாகும்வரை நுனிப்பக்கத்தை ஆப்பு வைத்து உயர்த்துங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் சாமில்லில் கூலிக்கு அறுக்கும் நாளில் இதைச் செய்ய யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நீங்களே அறுப்பதன் உண்மையான ஆதாயம் இங்கேதான் கிடைக்கிறது.

பேண்ட்சாவில் அறுத்தல்

சட்டமும் பலகையும் வேண்டுமென்றால் முதலில் தடியைச் சதுரமாக்க வேண்டும். மேல் முகத்தில் பட்டைப்பலகையைச் சீவி எடுங்கள். வேண்டிய அகலத்துக்கு வெள்ளை மரமாவது தெரியும்வரை இறங்குங்கள். பிறகு தடியைக் கால்சுற்று திருப்பி, சீவிய முகத்தை மூலைமட்டத்தால் செங்குத்தாக நிறுத்தி, அடுத்த முகம். இப்படி நான்கு முகம். இறுகப் பிடிக்கும் கொக்கிகள் ரம்பம் ஓடும் உயரத்துக்குக் கீழே இருக்கின்றனவா என்று ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் பார்ப்பதை மூச்சுவிடுவதுபோலப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கொக்கியை அறுத்தவர்கள் எல்லாரும் 'போன ஓட்டத்தில் சரியாகத்தான் இருந்தது' என்றுதான் சொல்வார்கள்.

உயரக் கணக்கை மேலிருந்து போடாமல் கீழிருந்து போடுங்கள். 32 மில்லிமீட்டர் கனத்தில் ஐந்து பலகைகள் வேண்டுமென்றால் ஐந்து 32ம், இடையில் நான்கு ரம்பத்தடங்களுக்கு 8ம் சேர்த்து 168 மில்லிமீட்டர். கட்டையை முதலில் அந்த உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் கடைசிப் பலகை சரியான கனத்தில் முடியும். மேலிருந்து இறங்குகிறவருக்குக் கடைசியில் முக்கால் அங்குலத் துண்டு ஒன்று மிஞ்சும். அது எதற்கும் உதவாது. இழைத்தபின் ஓர் அங்குலம் வேண்டுமானால் ஒன்றேகால் அங்குலத்திலும், இரண்டு அங்குலம் வேண்டுமானால் இரண்டரை அங்குலத்திலும் அறுப்பது சுருக்கத்துக்கும் இழைப்புக்கும் போதும்.

தைலமரம், சவுக்கு போன்றவற்றில் இழுவிசை மிகவும் அதிகம். ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்து எடுத்தால் மீதிக் கட்டை வில்லாக வளைந்து படுக்கையை விட்டு எழும். அடுத்த பலகை நடுவில் ஒரு கனமும் நுனியில் ஒரு கனமுமாக வரும். இரண்டு பலகை எடுத்ததும் கட்டையைப் புரட்டி எதிர்ப்பக்கத்தில் இரண்டு எடுங்கள். இப்படி மாறிமாறி எடுத்து, மையத்தைக் கடைசிக் கட்டைக்குள் அடைத்துவிடுங்கள். மையம் அடைபட்ட அந்தக் கட்டை வெடிக்கத்தான் செய்யும். அதை வேலிக்கோ தொழுவத்துக்கோ ஒதுக்கிவிடலாம்.

ரம்பம் சரியாக ஓடுகிறதா என்பதைத் தூளும் ஒலியும் சொல்லும். நல்ல ஓட்டத்தில் தூள் சற்றுக் கரடாக, ரவை போலக் கொட்டும். மாவாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது, அல்லது நீங்கள் மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள். எஞ்சின் முனகினால் வேகம் அதிகம். பலகையின் மேல் அலை விழுந்தால் எந்திரத்தைக் குறைசொல்லுமுன் நான்கைப் பாருங்கள்: பல் மழுங்கல், ரம்பப் பட்டையின் இழுவை தளர்வு, பல் விரிப்பு (பற்கள் இருபுறமும் வெளியே வளைந்திருக்கும் அளவு) ஒரு பக்கம் குறைந்திருப்பது, ரம்பத்தைத் தாங்கும் உருளை தடியிலிருந்து தள்ளி நிற்பது. நான்காவதைப் பலர் மறக்கிறார்கள். நகரும் உருளையைத் தடியை உரசாமல் எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். கணு வரும்போது வேகத்தைக் குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள்.

பொதுவான மரங்களுக்குப் பல்லின் சாய்வு 10 பாகை உள்ள பிளேடு பொருந்தும். புளி, கருவேலம் போன்ற கடின மரத்துக்கு 7 அல்லது 4 பாகை. தேக்கு பார்க்க மென்மையாக அறுபட்டாலும் அதில் உள்ள சிலிக்கா பல்லைத் தேய்த்துவிடும். தென்னையில் வெளிவட்டம் இரும்பாகவும் நடுப்பகுதி பஞ்சாகவும் இருப்பதால் ரம்பம் அங்குமிங்கும் ஓடும். முதல் தடியாக அதை எடுக்க வேண்டாம். பிளேடின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். பிசின் ஒட்டும் மரமானால் அதில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்க்கலாம். ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் ஓடியதும் பிளேடை மாற்றிவிடுங்கள். நன்றாகத்தான் அறுக்கிறது என்று இன்னும் ஒரு தடிக்கு ஓட்டினால் உலோகம் களைத்து விரிசல் விடும். ஐந்தாறு பிளேடுகள் இல்லாமல் ஒரு நாள் வேலையைத் தொடங்காதீர்கள். மாலையில் இழுவையைத் தளர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஓட்டத்தின் நடுவில் சிக்கிக்கொண்டால் ரம்பம் ஓடும்போதே பின்னால் இழுக்காதீர்கள். பட்டை சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். எஞ்சினை நிறுத்தி, அறுத்த இடைவெளியில் ஆப்புகளை அடித்து விரித்து, மெல்லப் பின்னுக்குக் கொண்டுவாருங்கள்.

செயின்சா மில்லில் ஸ்லாப் எடுத்தல்

மூன்றடிக்கு மேல் அகலமான தூங்குமூஞ்சித் தடியை எடுத்துக்கொள்வோம். தென் அமெரிக்க வழியில் வந்த இந்த மரம் மற்றப் பல மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும். புதியவரின் தவறுகளை மன்னிக்கும். அடர்பழுப்பு வைரமும் வெளிறிய ஓரமும் கொண்ட இதன் ஸ்லாப்களை மேசைக்குத் தேடி வாங்குகிறார்கள்.

இதற்கு 90 சிசியை ஒட்டிய எஞ்சின் வேண்டும். ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் 661, ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் 395 ஆகிய செயின்சாக்கள் அந்த வரிசையில் உள்ளவை. மரம் வெட்டும் சாதாரணச் செயினின் பல் 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். அது நாரைக் குறுக்கே வெட்டுவதற்கானது. நீளவாக்கில் அறுக்க 10 பாகையில் தீட்டிய செயின் வேண்டும். சாதாரணச் செயினிலும் அறுக்கலாம் என்பது உண்மைதான். பரப்பு உழவு வயலாக வரும், இழைக்கும் நாளில் அழுவீர்கள். சட்டத்தின் இறுக்கிகள் இடம் பிடிப்பதால் 36 அங்குல வாளில் 30 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் அறுபடும் என்பதையும் வாங்குமுன் கணக்கில் வையுங்கள்.

முதல் வெட்டு எல்லாவற்றுக்கும் தாய். உருண்டையான தடியின் மேல் சட்டம் அமர இடம் இல்லாததால், நேரான அலுமினிய ஏணியையோ இரண்டு நேர்ச்சட்டங்களையோ தடியின் மேல் திருகாணியால் பொருத்தி, அதன் மேல் மில்லை ஓட்டுங்கள். ஏணியின் இரு முனைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் விழும் சாய்வு கடைசி ஸ்லாப் வரை முறுக்காக இறங்கும். திருகாணியின் முனை வெட்டுத்தளத்தைத் தொடாத நீளத்தில் இருக்கட்டும். இரண்டாவது வெட்டிலிருந்து முந்தைய தளமே வழிகாட்டி.

தடியின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, சரிவில் இறங்கும் திசையில் அறுத்தால் எந்திரத்தின் எடையே அதை முன்னே கொண்டுபோகும். இரண்டடி போனதும் பின்னால் ஆப்பு, இன்னும் இரண்டடிக்கு ஓர் ஆப்பு. இல்லாவிட்டால் மேல் ஸ்லாப் அமுங்கிச் செயினைப் பிடித்துக்கொள்ளும். எரிபொருளில் எண்ணெய் 50க்கு 1 என்ற அளவிலேயே இருக்கட்டும். ஒரு வெட்டு முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டு ஆறவிடுங்கள். முழு முடுக்கத்தில் பத்து நிமிடம் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட எந்திரம் அன்று அது.

மையம் ஓடும் ஸ்லாப்பைப் பற்றி ஆசை வேண்டாம். எல்லாவற்றிலும் அகலமாகவும் அழகாகவும் இருப்பது அதுதான்; காயும்போது நடுவில் பிளப்பதும் அதுதான். மையத்தை ஒட்டி நீளவாக்கில் இரண்டாக அறுத்து, மையத்தை நீக்கி, இரண்டு ஒடுங்கிய ஸ்லாப்களாக வைத்துக்கொண்டால் இரண்டும் பிழைக்கும்.

உலர்த்துதல்

அறுத்த அன்று மாலைக்குள் அடுக்கிவிட வேண்டும். மா மரத்தை அறுத்துத் தரையில் குவித்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் நீலம் பூத்திருக்கும். ஒரு வருடம் கழித்து வந்தால் உளுத்து மாவு கொட்டும். வெள்ளை மரத்தில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது. மூங்கிலையும் மரத்தையும் நம் ஊரில் குளத்தில் ஊறப்போட்டது அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான். இப்போது எளிய வழி, பலகை பச்சையாக இருக்கும்போதே போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரை எல்லாப் பக்கமும் பூசுவது. ஈரத்தோடு அது உள்ளே பரவும். மழையில் நனைந்தால் கரைந்துவிடும் என்பதால் கூரை அவசியம்.

தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், மட்டமான கட்டைகளின் மேல், நிழலில், காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் இடத்தில் அடுக்குங்கள். பலகைகளுக்கு இடையே ஓரங்குலச் சதுர ரீப்பர் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். அவை நன்கு காய்ந்தவையாக இருக்க வேண்டும். பச்சை ரீப்பர் பலகையில் கறைக்கோடு போட்டுவிடும். எல்லா அடுக்கிலும் அவை ஒன்றின் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நிற்க வேண்டும், அடிக்கட்டையும் அதே கோட்டில் வர வேண்டும். விலகி வைத்த ரீப்பரின் மேல் பலகை தொய்ந்து, அந்தத் தொய்விலேயே காய்ந்துவிடும். உச்சியில் மணல் மூட்டையோ கான்கிரீட் கட்டையோ ஏற்றி, மேலே தகரம் போடுங்கள். கோடையில் அறுக்க நேர்ந்தால் முதல் மூன்று வாரம் காற்று அடிக்கும் பக்கத்தைச் சாக்கால் மறைத்து வேகத்தைக் குறையுங்கள். புறம் முந்திக் காய்ந்தால் மேற்பரப்பு வெடிக்கும். மார்கழி, தை மாதங்களில் அறுப்பவருக்கு இந்தக் கவலை குறைவு.

மரத்தில் ஈரம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுருக்கம் தொடங்கும். மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் அது, மையத்திலிருந்து வெளிநோக்கிய ஆரத்திசையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. பலகை கிண்ணம்போல் குழிவதன் காரணம் இந்த வேறுபாடுதான். ஆகையால் முதல் மாதத்தில் நேராக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. ஓர் அங்குலப் பலகை நம் வெயிலில் அதற்கு முன்பே காயும், மூன்று அங்குல ஸ்லாப் அந்தக் கணக்கையும் தாண்டும்.

காய்ந்ததா என்று அறிய ஈரமானி இல்லாதவர் தராசைப் பயன்படுத்தலாம். அடுக்கின் நடுவில் எளிதாக உருவக்கூடிய ஒரு பலகையில் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதிவைத்து, மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மழையில்லாத மாதங்களில் மூன்று முறை தொடர்ந்து எடை மாறாவிட்டால் அந்த இடத்துக் காற்றோடு அது சமமாகிவிட்டது. கடலோரத்தில் காய்ந்த மரத்தைக் குளிர்சாதன அறைக்குள் வைக்கப்போகிறீர்கள் என்றால், அந்த அறையிலேயே ரீப்பர் வைத்து இன்னும் மூன்று வாரம் கிடத்துங்கள். பிறகு ஸ்லாப்பை மட்டமாக்கும்போது ஒரு பக்கத்தில் எவ்வளவு சீவுகிறீர்களோ அதே அளவை மறுபக்கத்திலும் சீவுங்கள். வார்னிஷும் அப்படியே, யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சு.